பூங்காச் சாலையில் மிதிவண்டிக்கும் இடம் வேண்டும்

தோட்டப்புறத்தாருக்கு மிதிவண்டி புதிதன்று. விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குப் புறப்பட்டதும், பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் மிதித்ததும், பிள்ளையைப் பின்னால் உட்கார்த்திப் பள்ளியில் கொண்டு விட்டதும் இந்த இரு சக்கரங்களாலேதான். சொல்லப்போனால் நம் தொழிலும் மிதிவண்டியும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டபோது, அவற்றின் பாலை உலகம் இவ்வளவு தேடும் என்று எவரும் எண்ணவில்லை. பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் செய்து பொருத்தி, 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டிச் சக்கரத்தில் வெற்றி கண்ட அந்தக் குழாய்தான் பின்னர் மோட்டார் வண்டிக்கும் சென்றது.

அத்தகைய வண்டியை இன்று சில பூங்காக்களின் வாயிலில் அறிவிப்புப் பலகை தடுத்து நிறுத்துகிறது. மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் ஒரே பலகையில், ஒரே சிவப்புக் கோட்டில் விலக்கப்படுகின்றன. ஒன்று புகையும் இரைச்சலும் உடையது. மற்றொன்று கால்வலிமையால் ஓடுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று என்பது நம் கருத்து.

பேராக்கில் காணத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. ஈயம் தோண்டிய குழிகளே 1880இல் தைப்பிங் ஏரிப் பூங்காவாக உருவெடுத்தன. அங்குள்ள மழைமரங்கள் தண்ணீரின்மேல் தாழ்ந்து கிளை பரப்பி நிற்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் 2018இல் தேசியப் புவிப் பூங்கா என்னும் தகுதியைப் பெற்றன. மெங்லெம்பை அடுத்த கிளேடாங் மலை சுமார் 800 மீட்டர் உயரமுடையது. உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்கள்வரை செல்லும் சாலையில் காலையில் நடப்போர் பலர்; மிதித்து ஏறுவோரும் உண்டு.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போயின. லயத்திலிருந்து கோயிலுக்கும் ஆற்றுக்கும் சென்ற பாதைகளும் அவற்றோடு மறைந்தன. தாத்தா அச்சமின்றி வண்டி ஓட்டிய இடத்தில், பேரன் இன்று லாரிகள் விரையும் பெருஞ்சாலையின் ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கிறான். அவனுக்குப் பூங்காவின் கதவையும் அடைத்துவிட்டால், வேறு எங்கேதான் செல்வான்?

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவும் முன்பு ரப்பர்த் தோட்டமே. அரசாங்கம் அந்நிலத்தை எடுத்துக்கொண்ட பின், பழைய பால்மரங்களுக்கு இடையே மிதிவண்டிக்காரர்களும் நடைப்பயணிகளும் தொண்டுழைப்பால் பாதைகளை அமைத்தனர். பின்னர் வேலியும் பூங்கா வேலைகளும் வந்தபோது சில பாதைகள் அழிந்தன. யாருக்கு வழி, யாருக்குத் தடை என்னும் வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. அங்கே வேலை செய்த பாட்டாளிக் குடும்பங்களோ 1980களின் தொடக்கத்தில் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டு, நிலையான வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. பாதையைப் பற்றிப் பேசும்போது இதையும் நாம் மறத்தலாகாது.

தடுப்போரின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. முதியவர் நடக்கும் இடத்தில் இளைஞர் பாய்ந்து வந்தால் விபத்து நேரும். ஆனால் அதற்கு மருந்து தடையன்று, ஒழுங்கே. சிங்கப்பூரில் 2011 ஜூலை முதல் நாளோடு ரயில் நின்றுபோன பழைய தடம், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்போருக்கும் மிதிப்போருக்கும் பொதுவழி ஆயிற்று. அந்நாட்டில் இருவருக்கும் பொதுவான பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது விதி. நம் பூங்காக்களில் அதனினும் குறைந்த வேகத்தை விதித்தாலும் குறையில்லை. மணியும் நல்ல பிரேக்கும் இல்லாத வண்டியை உள்ளே விடாதிருப்பதும் நியாயமே.

மண் அரிப்பு என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இதில் தோட்டத்தாருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சரிவில் நேர்கீழாக வெட்டிய வழியில் சக்கரம் பள்ளம் பறிக்கும். அப்பள்ளத்தில் மழைநீர் ஓடி, அடுத்த பருவத்தில் அதுவே ஓடையாகிவிடும். நம் முன்னோர் குன்றைச் சுற்றிச் சமமட்டத்தில் படி வெட்டிக் கன்று நட்டதும், மண் ஓடிப்போகாமல் குழி தோண்டித் தடுத்ததும் இதற்காகவே அல்லவா? மிதிவண்டிப் பாதைக்கும் அந்த அறிவே போதும். பாதை சரிவின் குறுக்காகச் செல்ல வேண்டும். பொதுவாக 100 அடி நீளத்துக்கு 10 அடிக்கு மேல் ஏறலாகாது. வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் நீர் பாதையில் தங்காமல் குறுக்கே வடியும். கனமழை பெய்த மறுநாள் மண்பாதையில் எவரும் வண்டி ஓட்டாமல் இருப்பதும் நன்று. சேறு காய்வதற்கு முன் ஓடும் நான்கு வண்டிகள், உலர்ந்த மண்ணில் ஓடும் நாற்பது வண்டிகளை விட அதிகக் கேட்டைச் செய்யும்.

காப்புக் காடுகளின் நிலை வேறு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி, வனத்துறையின் அனுமதியின்றி அவற்றுள் நுழைதல் குற்றமாகும். ஆகவே குழுவாகச் செல்வோர் முன்கூட்டியே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர்ப் பூங்காக்களுக்கு விண்ணப்பிப்போர் ஈப்போவில் மாநகர் மன்றத்துக்கும், தைப்பிங்கில் நகராண்மைக் கழகத்துக்கும் எழுதலாம். ‘மிதிவண்டியை அனுமதியுங்கள்’ என்று பொதுவாக எழுதுவதில் பயன் குறைவு. எந்தச் சாலை, எங்கிருந்து எங்குவரை, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஞாயிறு காலை 7 முதல் 10 வரை மூன்று மாதச் சோதனைக்கு விடுங்கள் என்பது எந்த அதிகாரியும் எளிதில் மறுக்க இயலாத கோரிக்கை. அப்பூங்காவில் நாள்தோறும் நடக்கும் முதியவர்களிடம் முதலில் பேசி, அவர்களின் கையொப்பத்தையும் பெற்று இணைத்தல் வேண்டும். கடிதத்தின் ஒரு படியை, அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரையுடன், பத்திரமாக வைத்துக்கொள்க.