நாலு கம்பியில் நடை பழகுவோம்



நம் ஆண்டுவிழா இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கும் நாளைப் பார்த்திருப்பீர்கள். பாடுவதற்கு வரிசை நிற்கும். லீட் கிடாருக்கு அடிதடி. "பேஸ் யாருப்பா?" என்று கேட்டால் மட்டும் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அந்த நாலு கம்பிக் கிடாரை எட்டு மாதமாக மடியில் வைத்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். இசைப் பள்ளிப் பக்கம் போனவன் அல்ல. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். ராத்திரியில் எனக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்குள் அடங்குகிற பாடத்தைத்தான் சொல்கிறேன்.

கையை விட முதலில் காதுக்கு வேலை. பேஸ் கிடாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. செல்போனில் இருக்கிற நகத்தளவு ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தள்ள முடியாது. அதனுடைய மேற்சுரங்களை வைத்து மூளைதான் ஊகித்துக்கொள்கிறது. அதனால் நல்ல ஹெட்போன் ஒன்றை இரவலாவது வாங்குங்கள். 1980-ல் வந்த 'நிழல்கள்' படப் பாடல்களைப் போட்டு, பாடகரை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். இளையராஜாவுக்கு பேஸ் என்பது இன்னொரு பாட்டு. பாடகர் ஒரு வழியில் போவார், பேஸ் வேறு வழியில் போய்ச் சரியான இடத்தில் வந்து சேரும். அவர் குழுவில் பல வருஷம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கேட்பது பல இடங்களில் கீத் பீட்டர்ஸின் கை. கேசட் அட்டையில் பெயர் வராத காலத்திலும் இவர்கள் வேலை பாட்டைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்பாவுக்கு ஆரம்பத்தில் இதில் இஷ்டமில்லை. "படிக்க அனுப்பிச்ச இடத்துல பாட்டு என்னடா?" என்றார். நியாயமான கேள்வி, என் பஸ் பாஸிலிருந்து பரீட்சை ஃபீஸ் வரை அவர் முதுகில் வருகிறது. ஒரு நாள் ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அடியில ஒருத்தன் சுமந்துகிட்டே வர்றானே, அவனா நீ?" என்றார். ஆமாம் என்றேன். செமஸ்டரில் அரியர் விழுந்தால் கிடார் திரும்பிப் போய்விடும் என்பது ஒப்பந்தம். இதுவரை விழவில்லை.

இனி கருவி. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தன் பேஸ் கிடாரைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸைத்தான் நின்றுகொண்டு வாசித்தார்கள். அதில் ஃப்ரெட் கிடையாது, விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போய்விடும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிடாரின் ஃப்ரெட். வீணையைப் போலவே ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு.

கம்பிகள் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. அதிர்வெண் சுமாராக 41, 55, 73, 98. முதல் வருஷ பிசிக்ஸில் மனப்பாடம் பண்ணினோமே, இழுத்துக் கட்டிய கம்பியின் விதிகள், அது இங்கே உயிரோடு இருக்கிறது. நீளமும் இழுவிசையும் ஒன்றென்றால், ஜி கம்பியை ஈ கம்பியின் சுருதிக்கு இறக்க ஓரலகு நீளத்தின் நிறை ஏறக்குறைய ஐந்தரை மடங்கு வேண்டும். வெர்னியர் வைத்து அளந்தேன்: ஜி 1.14 மி.மீ., ஈ 2.67 மி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே விடை வரும். தடித்த கம்பியின் மேல் இன்னொரு கம்பி சுற்றியிருப்பதும் நிறைக்காகத்தான். கச்சேரிக்கு முன்னால் மிருதங்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அதுவும் இதே கணக்கு.

ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பி சரியாக ச-வுக்கு ம, அதாவது சுத்த மத்யமம். ஆகவே ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் வெறும் ஒலி கிடைக்க வேண்டும். சுருதி சேர்க்க இது போதும்.

விரலை முதல் ஃப்ரெட்டில் வைத்து ஆரம்பிக்காதீர்கள். 34 அங்குலக் கம்பியில் முதல் ஃப்ரெட்டின் இடைவெளி 48 மி.மீ.; புது விரல் விரியாது, மணிக்கட்டு வலிக்கும். ஐந்தாவதைத் தாண்டினால் 36 மி.மீ.தான். தடித்த கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டை ச என்று வையுங்கள். அடுத்த கம்பியில் ஏழாவது ப. அதற்கடுத்த கம்பியில் அதே ஏழாவது, மேல் ச. இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தால் பாதிப் பாட்டுகளுக்கு ஒப்பேற்றலாம். நம் தம்புராவின் நாலு தந்தியும் இதே ப, ச, ச, கீழ் ச தானே! ஸ்ரீரங்கத்தில் பாட்டு வகுப்பு நடக்கிற வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் முதல் பாடம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

ஃப்ரெட்டின் மேலே அழுத்தாமல் அதற்குச் சற்று முன்னால் அழுத்துங்கள், சத்தம் இரையாது. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மாறி மாறி. ஒலியை எழுப்புவது பாதி வேலை, நிறுத்துவது மீதி. நிறுத்தாவிட்டால் கீழ்ச் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். முதல் மூன்று வாரம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும்.

தாளம்தான் உண்மையான பரீட்சை. நிமிஷத்துக்கு 60 என்று மெட்ரோனோமை வைத்து, நாலு அடிக்கு ஒரே ஒரு ச. கேட்கச் சுலபம், பத்து நிமிஷம் வாசித்துப் பாருங்கள்! காவிரிப் பாலத்தின் இணைப்புகளில் பஸ் ஏறி இறங்கும்போது 'தடக்... தடக்...' என்று வருமே, டிரைவர் ஒரே வேகத்தில் போனால் அந்த இடைவெளி மாறாது. பிரேக்கில் கால் வைத்தால் போச்சு. குழுவில் அந்த டிரைவர் பேஸ்காரன். டிரம்ஸில் கால் மிதிக்கிற இடத்தில் உங்கள் விரலும் விழ வேண்டும். நிறைய சுரம் வாசிக்கும் ஆசை வரும், எனக்கும் தினம் வருகிறது. முதலில் ஒரு பாட்டு முழுக்க ச மட்டும் தவறாமல் வாசியுங்கள்.

பேஸ் கிடார் இல்லையே என்று நிற்க வேண்டாம். சாதாரண கிடாரின் தடித்த நாலு கம்பிக்கும் இதே பெயர்தான், ஒரு ஸ்தாயி மேலே, அவ்வளவே வித்தியாசம். நான் முதல் மூன்று மாதம் அதில்தான் பழகினேன். யூனியன் அறை பீரோவில் ஒரு கிடார் இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நானும் அங்கே இருப்பேன். வருகிறவர்கள் இடது கை நகத்தை வெட்டிக்கொண்டு வரவும்.