பாடு நாளுக்கு ஒரு கணக்கு, ஓய்வு நாளுக்கு ஒரு கணக்கு: இன்சுலின் போடும் மீனவருக்கான வழிகாட்டி

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பல குப்பங்களில் பாடு முறைதான் தீர்மானிக்கிறது. பாடு வந்த நாளில் பல மணி நேரம் தண்ணீரில் நின்று உழைக்க வேண்டும். பாடு இல்லாத நாளிலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதற்காகக் கடலுக்குப் போகக் கூடாது என்று தடுக்கும் நாளிலும் கரையில்தான் இருப்போம். உழைக்கும் உடம்பு சர்க்கரையைத் தானே எரிக்கும். உட்கார்ந்திருக்கும் உடம்பு எரிக்காது. இரண்டு நாளுக்கும் ஒரே அளவு ஊசி போட்டால் ஒரு நாள் சர்க்கரை சரிந்துவிடும், மறுநாள் ஏறிவிடும். ஆகவே உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று டாக்டரிடம் விளக்கிச் சொல்லி, பாடு நாளுக்கு எவ்வளவு, ஓய்வு நாளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

1. ஊசியும் மருந்தும் பொருந்துகிறதா என்று பாருங்கள்
இன்சுலின் குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலந்த பிறகு ஏற்றுங்கள்; குலுக்காதீர்கள். வலை இழுக்கப் போகும் நாளில் கையிலோ தொடையிலோ போடாமல் வயிற்றில் போடுங்கள். வேலை செய்யும் தசைக்குப் பக்கத்தில் போட்ட மருந்து வேகமாக இறங்கிவிடும். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கட்டி விழும்; இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

2. இன்சுலினைக் காப்பாற்றுங்கள்
திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி வரை வைக்கலாம். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. திறந்த குப்பி வெயில் படாத, சூடில்லாத இடத்தில் சுமார் 28 நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை ஈரமாகவே வைத்திருங்கள்; குப்பியைச் சின்னப் பானைக்குள் வையுங்கள். நம் கரையில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. ஆகவே அதைக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மீன் ஐஸ் பெட்டிக்குள் மட்டும் இன்சுலினைப் போடாதீர்கள். ஐஸில் பட்டு உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

3. புறப்படும் முன் சர்க்கரையைப் பாருங்கள்
உப்புத் தண்ணீரும் மீன் ஈரமும் போக நல்ல தண்ணீரில் கை கழுவித் துடைத்த பிறகு விரலில் குத்துங்கள். 70-க்குக் கீழே இருந்தால் முதலில் இனிப்பு எடுத்து, சர்க்கரை ஏறிய பிறகுதான் கிளம்ப வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். 250-க்கு மேல் இருந்து, வாந்தியோ வயிற்று வலியோ இருந்தால் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

4. படகில் எடுத்துப் போக வேண்டியவை
தண்ணீர் புகாத டப்பாவில் குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை, பிஸ்கட், குடிதண்ணீர், சர்க்கரை பார்க்கும் மீட்டர். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது, திடீர்க் கோபம் எல்லாம் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். தண்ணீரில் நிற்கும்போது இது வந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே படகில் ஏறுங்கள். மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். கூட வருபவரிடம் இதையெல்லாம் முன்பே சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கரை சேர்த்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

5. இரவில் கவனம்
கடும் உழைப்புக்குப் பிறகு பல மணி நேரம் கழித்தும், தூக்கத்திலேயே கூட, சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள். மது குடித்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

6. சாப்பாடு
மீனும் இறாலும் நண்டும் சர்க்கரையை அதிகம் ஏற்றாது, ஏற்றுவது சோறுதான். ஓய்வு நாளில் சோற்றைக் குறைத்து, குழம்பு மீனையும் கீரையையும் கூட்டுங்கள். உப்பு அதிகமுள்ள கருவாட்டைக் குறையுங்கள்.

7. கால்
கிளிஞ்சலும் கெளுத்தி முள்ளும் கிழித்தால், உணர்வு குறைந்த காலில் வலி தெரியாது. வெதுவெதுப்பான உவர்நீரிலுள்ள கிருமிகள் சர்க்கரை நோயாளியின் புண்ணில் வேகமாகப் பரவும். முடிந்தவரை காலுறையோ செருப்போ அணிந்து இறங்குங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை பாருங்கள். புண் சிவந்தாலோ வீங்கினாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

8. காய்ச்சலிலும் மழையிலும்
காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தாதீர்கள். அன்றைக்கான அளவை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சு வாங்கினாலோ, வாயில் பழ வாடை வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும், பாதையும் அடைபடும். அதற்கு முன்பே கூடுதல் மருந்து வாங்கி வையுங்கள்.

பயன்படுத்திய ஊசியை ஏரியில் போடாதீர்கள். அது இன்னொருவர் காலில்தான் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீடு தேடி வரும்போது, உங்கள் சர்க்கரைக் குறிப்பு நோட்டை எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் அது பாடு நாளா, ஓய்வு நாளா என்று இன்றே எழுதத் தொடங்குங்கள். உங்கள் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.