காலத்தின் மீது ஒரு நடை

நுழையும்முன்

ஆண்டுகளை எண்ணால் அறிகிறோம். அவற்றைக் காலால் அளந்தறிய இயலுமா? இயலும் என்பதை உணர்த்துகிறது, அயல்நாட்டுத் தேசியப் பூங்கா ஒன்றின் எளிய நடைபாதை.

பள்ளத்தாக்கும் பாதையும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய பெரும்பள்ளத்தாக்கே கிராண்ட் கேன்யன். ஏறத்தாழ 446 கி.மீ. நீளமும் 1.6 கி.மீ. ஆழமும் உடைய இப்பகுதி, 1919இல் தேசியப் பூங்காவாயிற்று. 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

பள்ளத்தாக்கினுள் இறங்கும் வழிகள் செங்குத்தானவை. உடல்வலிமை மிக்கோர்க்கும் கடினமானவை. தெற்கு விளிம்பில் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தையும் குடியிருப்புப் பகுதியையும் இணைக்கும் பாதையோ, பெரும்பாலும் சமதளமாக அமைந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இதில் முதியோரும் சிறுவரும் அச்சமின்றி நடக்கலாம். 2010இல் இவ்வழி, ‘காலத்தடம்’ என்னும் பொருள்படும் பெயருடன் திறக்கப்பட்டது.

மீட்டருக்குப் பத்து இலட்சம் ஆண்டுகள்

இப்பாதையில் ஒரு மீட்டர் என்பது பத்து இலட்சம் ஆண்டுகள். தரையில் பதித்த வெண்கலக் குறிகள் காலத்தைக் காட்டுகின்றன. பள்ளத்தாக்கின் பாறைகள், அவை தோன்றிய காலத்திற்குரிய இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஆறு இப்பள்ளத்தாக்கை அரித்தது ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் ஆண்டுகளில். ஆறு மீட்டருக்குள் அக்கதை முடிந்துவிடுகிறது. விளிம்பின் மேற்பரப்பில் காணும் கைபாப் சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுகள் பழமையானது. அதனை அடைய 270 மீட்டர் நடக்க வேண்டும். அப்பாறையிலுள்ள கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள், அந்நிலம் ஒருகாலத்தில் கடலடியாக இருந்ததற்குச் சான்று. மிகப் பழமையான பாறையின் அகவை 184 கோடி ஆண்டுகள். அது பாதையின் இறுதிப் பகுதியில் உள்ளது.

மயிரிழை அளவு

இன்றைய மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இப்பாதையில் அது முப்பது சென்டிமீட்டர். ஒரு முழங்கூட ஆகாது. வேளாண்மை தோன்றிய பின்னுள்ள காலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

பள்ளத்தாக்கிற்கு மேற்புறம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணை, 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அன்றுமுதல் இன்றுவரையுள்ள காலம் இவ்வளவுகோலில் ஒரு மயிரிழையே. அதற்குள் ஆறு மாறிவிட்டது. செந்நிற வண்டலைச் சுமந்து வந்த வெள்ளம், வண்டலை அணையில் இழந்து தெளிந்து குளிர்ந்தது. கரையோர மணற்றிட்டுகள் கரைந்தன. நீண்ட காலத்தில் அமைந்ததை மாற்றக் குறுகிய காலமே போதும் என்பதை இது காட்டுகிறது.

நடந்து முடிப்பவர், மனிதன் சிறியவன் என்பதை மட்டும் உணர்வதில்லை. அச்சிறியவனின் செயல் எத்துணைப் பெரியது என்பதையும் உணர்கிறார்.

தெரியுமா?

பள்ளத்தாக்கின் அடியிலுள்ள தொன்மையான பாறைகள் விஷ்ணு, பிரம்மா, இராமா என்னும் பெயர்களால் வழங்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன், இங்குள்ள சிகரங்களுக்குக் கீழைநாட்டுப் பெயர்களைச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

கற்பவை கற்றபின்

1. இப்பாதையின் அளவுகோலின்படி ஈராயிரம் ஆண்டுகள் எத்தனை மில்லிமீட்டர் எனக் கணக்கிடுக.
2. உங்கள் ஊரின் ஆறு அல்லது ஏரி ஐம்பது ஆண்டுகளில் அடைந்த மாற்றங்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.