நாலு பேர், ஒரு விமானம்

கேள்வி: பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சின்ன விமானம் வாங்கி, அதிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா? எவ்வளவு செலவாகும்?
– ஒரு வாசகர், படவேடு

முதலில் கற்றுக்கொள்ளுங்கள், விமானம் அப்புறம். நெசவு தெரியாதவனைத் தறி வாங்கச் சொல்வார்களா உங்கள் பக்கத்தில்? ஜே.ஆர்.டி. டாடாவே பம்பாய் ஃபிளையிங் கிளப்பில் பழகித்தான் 1929-இல் இந்தியாவின் முதல் உரிமத்தை வாங்கினார்.

தனியார் விமானி உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது, எழுத்துத் தேர்வு, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் வேண்டும். மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்தால் 6 லட்சம். 40 மணியில் கை பழகுவோர் குறைவு. தங்குமிடமும் சாப்பாடும் வேறு. தலைக்கு 10 லட்சமாவது ஒதுக்குங்கள். மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டிவிடாதீர்கள், பறந்த மணிக்கு மட்டும் கொடுங்கள். மழையில் பயிற்சி நின்றால் பணம் மாட்டிக்கொள்ளும்.

பங்கு போட்டால் காப்பீடு, நிறுத்துமிடம், ஆண்டுப் பரிசோதனை ஆகியவைதான் நாலில் ஒன்றாகும். பெட்ரோல் பறப்பவர் தலையில்தான். செஸ்னா 172 என்ற சிறு விமானம் மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும். 2,000 மணி ஓடியதும் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் எடுத்து வையுங்கள். நால்வருக்கும் ஞாயிறுதான் கடை லீவு என்றால் சண்டை நிச்சயம். கூலி வாங்கிக்கொண்டு சேலை மூட்டை ஏற்றவும் தனியார் விமானி உரிமத்தில் இடமில்லை.

முதல் வேலையாக, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த மருத்துவரைப் பாருங்கள். நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு. பட்டு வியாபாரிக்கு அதில் பயமிருக்காது!