அருளும் அறிவும்

குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனை, வள்ளல் என்று போற்றுவது தமிழ்நாடு. மயில் அதனைப் போர்த்திக்கொள்ளுமோ என்று அவன் ஆராய்ந்தான் அல்லன். பிறிதோர் உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொண்டான். அவன் பெருமை அதுவே. எனினும், துன்பங்கண்டு நெஞ்சம் நெகிழ்தல் ஒன்று. அத்துன்பம் எதனால் வருகிறது என்று அறிந்து களைதல் மற்றொன்று. முன்னது அருள், பின்னது அருளுக்குத் துணையாகும் அறிவு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த தொண்டு ஒன்றனை இப்பாடத்திற் காண்போம்.

1959-ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் பெருமழை பெய்து, தெருக்களில் வெள்ளம் பெருகிற்று. விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம் என்பார், அவ்வெள்ளத்தில் நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைக் கண்டு, அவற்றை மீட்டுத் தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றார். தாமும் விமானம் செலுத்த வல்லவரான அவர் துணைவியார் உஷா சுந்தரமும் குடும்பத்தாரும் அவற்றைப் பேணினர். அச்சிறு செயலே ‘புளூ கிராஸ்’ என்னும் விலங்கு நலச் சங்கத்திற்கு வித்தாயிற்று. இன்று அதன் காப்பகம் கிண்டியில் உள்ளது. வண்டியில் அடிபட்ட நாய், கைவிடப்பட்ட பூனை, நோயுற்ற மாடு எனப் பல உயிர்கள் அங்கே மருத்துவம் பெறுகின்றன.

அடிபட்ட உயிருக்குக் கட்டுப் போடுவதோடு அச்சங்கத்தார் அமையவில்லை. அக்காலத்தில் தெருநாய்களைக் குறைப்பதற்கு நகரில் கையாளப்பட்ட வழி, அவற்றைப் பிடித்துக் கொல்வதே. ஆண்டுதோறும் கொன்றும் நாய்கள் குறைந்தபாடில்லை. காரணம் யாது? பெண் நாய் ஏறத்தாழ 63 நாள் சூல் சுமந்து, ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனும். தெருவில் எச்சிலும் குப்பையும் கிடக்கும் வரையில், கொன்ற நாயின் இடத்திற்கு வேறு நாய் வந்து சேரும். நோயின் வேரை விட்டுக் கிளையை வெட்டினால் மரம் பட்டுப்போகுமோ?

இதனை ஆராய்ந்த சங்கத்தார், 1964-ஆம் ஆண்டில் புதியதொரு முறையைத் தொடங்கினர். நாயைப் பிடித்து, அறுவை மருத்துவத்தால் அதன் கருவளத்தை நீக்கி, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, அடையாளமாகக் காதில் சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடுதல் அம்முறையாகும். தடுப்பூசி பெற்ற நாய் தன் தெருவிலேயே வாழும், புதிய நாய்களை உள்ளே விடாது, குட்டியும் ஈனாது. 1996-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி இம்முறையை மேற்கொண்டது. 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு இதனை நாடு முழுமைக்கும் விதியாக்கிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுக்கப்பெற்றன. பின்னர், 2025 நவம்பரில், பள்ளி, மருத்துவமனை முதலிய இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கே மீண்டும் விடாது காப்பகங்களில் வைக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

மாணவர்களே! நாயிடம் அன்பு காட்டுவோர் மனிதர் உயிரை மறந்தவர் என்று எண்ணற்க. வெறிநோய் கொடியது, அதன் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தல் மிக அரிது. ஆகவே நாய் கடித்தால், பிராண்டினாலும், உடனே புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறும் ஊசிகள் அனைத்தையும் தவறாது போட்டுக்கொள்ளல் வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புவதால் கேடே விளையும். வீட்டாரிடம் கடியை மறைப்பது அதனினும் கேடாகும்.

தெருநாயின்மேற் கல்லெறியாதீர்கள், எறிந்த கல்லே பல வேளைகளில் கடியாக மீள்கிறது. அடிபட்டுக் கிடக்கும் உயிரைக் கண்டால், வலியால் அது கடிக்கக்கூடும் ஆதலின், தொடாது பெரியோரை அழையுங்கள். உண்ட இலையைத் தெருவில் எறியாதீர்கள். கோடையில் வீட்டு வாயிலில் ஒரு சட்டி நீர் வையுங்கள். வெள்ளத்தில் தத்தளித்த சில குட்டிகளை ஒருவர் கண்டும் காணாதவர்போற் சென்றிருப்பின், இத்துணைப் பெரிய தொண்டு தோன்றியிராது. இரக்கம் நெஞ்சில் தோன்றட்டும். அறிவு அதற்கு வழிகாட்டட்டும்.