கண்டில் ஒரு நிறம், துணியில் வேறு நிறம்

மளிகையோடு ஊசி, நூல், பொத்தானும் விற்கும் நம் உறுப்பினர்களுக்குப் பழக்கமான புகார் ஒன்று உண்டு. "நூல் மங்கலாக இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள்" என்று மிஷின் எம்பிராய்டரி செய்வோர் பிரித்த கண்டைத் திருப்பிக் கொண்டு வருவார்கள். மாற்றிக் கொடுத்தால் நஷ்டம். மறுத்தால் வாடிக்கை போகும். நிறங்கள் சேரும் விதத்தை நாம் அறிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

இது பழைய வழக்கு. பாரிஸ் நகரின் கோபெலின் நெசவுச்சாலையில் 1824-ல் சாயப்பிரிவுத் தலைவராகப் பொறுப்பேற்ற ரசாயன அறிஞர் செவ்ரேல், கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நிறங்களால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. இந்த ஆராய்ச்சியை 1839-ல் புத்தகமாக வெளியிட்டார்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. பச்சைத் துணியில் சிவப்பு நூல் எடுப்பாகத் தெரியும். ஆரஞ்சுத் துணியில் அதே சிவப்பு அடங்கிவிடும். ஆகவே, "எந்தத் துணிக்கு?" என்று முதலில் கேட்போம். துணியின் மேல் நூலை வைத்துக் காட்டுவோம்.

2. மஞ்சள், நீலச் சாயங்களைக் கலந்தால் பச்சை வரும். அந்த நிற நூல்களை நெருக்கித் தைத்தால் பளிச்சென்ற பச்சை வராது. தூரத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பச்சை வேண்டுமானால் பச்சை நூலே வேண்டும்.

3. ஒரே நிறத்தின் அடர்த்தியும் இளசும் நன்றாகக் கலக்கும். இலைக்கு அடியில் அடர்பச்சை, நடுவில் இரண்டையும் ஒரே ஊசியில் கோத்து, நுனியில் இளம்பச்சை. மூன்று கண்டுக்குப் பதில் இரண்டு போதும். ஆனால் பெரிய கண்ணுள்ள ஊசி வேண்டும். தையலையும் சற்று இடைவெளி விட்டுப் போட வேண்டும். இல்லையேல் துணி சுருங்கும், நூல் அறுபடும்.

4. ட்யூப் லைட் வெளிச்சத்தில் பொருந்திய நிறம் வெயிலில் பிரிந்து தெரியலாம். வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவோம்.

5. ஷேடு நம்பர் ஒன்றானாலும் சாய லாட் மாறினால் நிறம் சற்று மாறலாம். ஒரு வேலைக்கு வேண்டிய கண்டுகளை ஒரே லாட்டில் கொடுப்போம்.

6. பிளீச்சிங் போட்டு வெளுக்கும் துணிக்கு ரேயான் நூல் ஆகாது, பாலியெஸ்டர் தாங்கும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைப்போம்.

மூன்று கண்டு கேட்டவரிடம் இரண்டு போதும் என்று சொன்னால் அன்றைய விற்பனை குறையும். ஆனால் அடுத்த வேலைக்கும் அவர் நம் கடைக்கே வருவார். விவரம் சொல்லி விற்ற சரக்கு திரும்பி வராது.