விலை பேசாத பெரிய கொள்வனவாளர்

சுகாதாரத்துக்கு அதிகம் செலவிடும் நாட்டில் மக்கள் நீண்ட காலம் வாழ்வார்கள் என்றுதான் நாம் நினைப்போம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

2023ஆம் ஆண்டில் அமெரிக்கா தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 வீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிட்டது. தலைக்குச் சுமார் 14,500 டொலர். ஜப்பானின் செலவு சுமார் 11 வீதமே. ஆனால் அவ்வாண்டில் அமெரிக்கரின் ஆயுள் எதிர்பார்ப்பு 78 வருடங்கள், ஜப்பானியருக்கு 84. இதற்கு உணவுப் பழக்கம் போன்ற காரணங்களும் உண்டு. இருந்தாலும் அமெரிக்கரின் பணம் எங்கே போகிறது?

அவர்கள் கூடுதலாக வைத்தியம் பெறுவதில்லை. ஜப்பானியரே அடிக்கடி வைத்தியரிடம் செல்கின்றனர். வைத்தியசாலையிலும் கூடுதல் நாட்கள் தங்குகின்றனர். வியாபாரிகளாகிய நமது பாஷையில் சொன்னால், வித்தியாசம் அளவில் இல்லை, விலையில் இருக்கிறது. ஜப்பானில் 1961 முதல் சகலருக்கும் காப்புறுதி உண்டு. சிகிச்சைக்கும் மருந்துக்கும் அரசாங்கமே விலைப்பட்டியல் போடுகிறது. அமெரிக்காவிலோ ஒவ்வொரு காப்புறுதிக் கம்பனியும் தனித்தனியே விலை பேசுகிறது. ஒரே ஊரில் ஒரே சிகிச்சைக்குப் பல விலைகள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 65 வயதைக் கடந்தோருக்கான அரசாங்கக் காப்புறுதியான மெடிகெயார் மிகப் பெரிய கொள்வனவாளர். ஆனால் மருந்துக் கம்பனிகளுடன் அது விலை பேசக்கூடாது என்று 2003இல் சட்டமே தடுத்தது! 2022இல்தான் சில மருந்துகளுக்கு அத்தடை நீங்கியது. முதற் பத்து மருந்துகளின் புதிய விலைகள் 2024இல் அறிவிக்கப்பட்டன. 2026 ஜனவரி அவற்றுக்கான நடைமுறைத் திகதி. நீரிழிவுக்கான ஜனுவியா 2023இல் ஒரு மாதத்துக்குப் பட்டியல் விலையில் 527 டொலராக இருந்தது. பேசிய விலை 113 டொலர். பட்டியல் விலையில் ஏற்கனவே கழிவு போவதுண்டு என்றாலும், இது சிறிய மாற்றமல்ல.

விலை குறைந்தால் ஆராய்ச்சி பாதிக்கப்படும் என்பது கம்பனிகளின் வாதம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த ஆராய்ச்சிச் செலவை அமெரிக்க நோயாளி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், நாட்டுக்குத் தேவையான மருந்துகளை ஒன்றாகச் சேர்த்து, உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தது.

மொத்தமாக வாங்குபவர் விலை பேசித்தான் வாங்க வேண்டும். இது நமது கடைத்தெருவில் எல்லோரும் அறிந்த விடயம். சுகாதாரச் சீர்திருத்தமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.